அலோய் ரிம்முக்குக் கறுப்புக் குரோம் தோற்றம்: கிழக்குக் கரைக்கு ஏற்ற செய்முறை

கறுப்புக் குரோம் என்று ஊரில் சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தொழிற்சாலைத் தொட்டியில் மின்முலாமாகப் பூசுவது அல்லது வெற்றிட அறைக்குள் உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைப்பது. மற்றது, பெயின்ட்டால் கொண்டுவரும் தோற்றம். அடியில் பளபளக்கும் கறுப்பு, அதற்கு மேல் மிக நுண்ணிய அலுமினியத் துகள்களின் மெல்லிய படலம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் என்ற நிறமற்ற காப்புப் பூச்சு. கராஜிலோ வீட்டு முற்றத்திலோ செய்யக்கூடியது இந்த இரண்டாவது வகைதான். முலாம் பூசிய ரிம்மில் முகம் பார்க்கலாம். இதில் அந்த அளவு கூர்மை வராது. புகை படிந்த கண்ணாடி போல ஆழமான ஒரு நிறம் வரும். அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இந்தத் தோற்றம் எப்படி வருகிறது என்று விளங்கினால் பாதிப் பிழைகள் தானாகவே குறையும். ஒளியின் ஒரு பங்கு அலுமினியத் துகளில் பட்டுத் திரும்புகிறது. மீதி, துகள்களுக்கு இடையால் இறங்கிக் கறுப்பில் மறைந்துவிடுகிறது. திரும்பிய ஒளியும் மறைந்த ஒளியும் சேர்ந்துதான் இருண்ட கண்ணாடித் தோற்றத்தைத் தருகின்றன. சில்வர் கூடினால் கறுப்பு மூடிப்போய்ச் சாதாரண சாம்பல் ரிம் ஆகிவிடும். கறுப்பு வழுவழுப்பாக இல்லாவிட்டால் துகள்கள் ஒரே தளத்தில் படுக்காமல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து மங்கலாகும். ஆகவே வேலையின் கூடுதல் நேரம் கறுப்புக்கும் அதற்கு முந்திய தயாரிப்புக்கும் போக வேண்டும். சில்வர் அடிப்பது கடைசியில் ஒரு மணித்தியால வேலை.

எங்கள் பகுதிக்கு இன்னொரு காரணமும் சேருகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை வாகனங்கள் கடலுக்கும் வாவிக்கும் பக்கத்திலேயே ஓடுகின்றன, இரவில் நிற்பதும் அங்கேதான். பெயின்ட்டுக்கு அடியில் சிறிதளவு உப்பு அகப்பட்டாலும் அது படலத்தின் ஊடாக ஈரத்தை உறிஞ்சி இழுக்கும். முதலில் குண்டூசித் தலையளவு கொப்புளங்கள், பிறகு வெள்ளைத் தூள், கடைசியில் முழுப் படலமும் தோலாக உரியும். இங்கே பெயின்ட் உரிந்த ரிம்களில் பெரும்பாலானவற்றின் பிழை பெயின்ட்டில் இல்லை, கழுவலில்தான் இருக்கிறது.

எந்த ரிம்முக்கு அடிக்கலாம்

பெயின்ட் உரியாத சாதாரண அலோய் (அலுமினியக் கலப்புலோக) ரிம்தான் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. பழைய பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் அதை உலோகம் வரை சுரண்டத் தேவையில்லை; அதையே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

முகப்பைக் கடைந்து மினுக்கி, மேலே கிளியர் மட்டும் அடித்த ரிம்களில் கவனம் வேண்டும். ஓரத்தில் கல் பட்ட இடத்தால் ஈரம் புகுந்து, கிளியருக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிந்ததுபோல் கோடு கோடாக அரிப்பு ஓடியிருக்கும். அப்படியானால் முகப்பின் கிளியர் முழுவதையும் எடுக்க வேண்டும். பாதியை விட்டால் அரிப்பு புதுப் பெயின்ட்டுக்கு அடியிலும் தொடர்ந்து ஓடும்.

உண்மையான குரோம் முலாம் உரியத் தொடங்கிய ரிம்மைத் தொடாதிருப்பது நல்லது. உரிந்த முலாமின் விளிம்பு சவர அலகு போலக் கையை வெட்டும். பேப்பரால் தேய்த்து ஒழுங்காக்க முடியாது. முலாம் பூசும் இடத்தில் இரசாயனத்தால்தான் எடுக்க வேண்டும். இரும்பு ரிம்முக்கு அடிக்கலாம், ஆனால் அச்சில் அழுத்தி வளைத்த தகட்டில் இந்த நிறம் எடுபடாது. வெறும் பளபளப்புக் கறுப்பே அதற்கு அழகு. இரும்பா அலோயா என்று சந்தேகமென்றால் காந்தம் வைத்துப் பாருங்கள்.

வெடிப்புள்ள ரிம்முக்கு எந்தக் காரணத்துக்காகவும் பெயின்ட் அடிக்கக் கூடாது. கழுவியபின் உட்பக்க உருளையையும், ஸ்போக் வந்து சேரும் மூலைகளையும், நட் துளைகளைச் சுற்றியும் டோர்ச் அடித்துப் பாருங்கள். முடியளவு கோடு தெரிந்தாலும் அந்த ரிம்மை ஒதுக்கிவிடுங்கள். பெயின்ட் அடித்தால் வெடிப்பு மறையும், ஆனால் வளர்வது நிற்காது. வளைந்த ரிம் என்றால் முதலில் பலன்சிங் இயந்திரத்தில் சுற்றிப் பார்த்து, வளைவை எடுக்கலாமா என்று தீர்மானித்துவிட்டுப் பெயின்ட்டுக்கு வாருங்கள்.

பவுடர் கோட்டிங் அடுப்பில் போட நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். வார்ப்பு அலோய் ரிம்கள் பொதுவாக 150 பாகை செல்சியஸை அண்டிய வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்துப் பலமூட்டப்பட்டவை. 200 பாகை அடுப்பில் நீண்ட நேரம், அதுவும் திரும்பத் திரும்ப வைத்தால் அந்தப் பலம் குறையும். கீழே சொல்லும் முறையில் அடுப்பே இல்லை.

நாளும் நேரமும்

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை மழை. அந்த மாதங்களில் இந்த வேலையை எடுக்காதீர்கள். காற்றின் ஈரப்பதம் 85 வீதத்தைத் தாண்டினால் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் அதில் படிந்து, கறுப்பு பால் பூத்ததுபோல் வெளிறும். பங்குனி, சித்திரை மாதங்கள் நல்லவை, ஆனால் பெரும்போக அறுவடை முடியாத வயற்பக்கமென்றால் வைக்கோல் தூசு அடங்கும்வரை பொறுங்கள். சம்மாந்துறை, ஏறாவூர்ப்பற்றுப் பக்கங்களில் அறுவடை இயந்திரம் இறங்கிய கிழமையில் கறுப்பு அடித்தால் படலம் முழுக்கத் தூசு குந்தும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொந்தரவு வேறு மாதிரி. காற்று வறண்டு சுடுவதால் பெயின்ட் ரிம்மைப் போய்ச் சேருமுன்பே வழியில் உலர்ந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகப் படியும். அப்போது மெதுவாக உலரும் தின்னரையும் ஹார்ட்னரையும் (பெயின்ட்டை இறுக வைக்கக் கலக்கும் திரவம்) கேட்டு வாங்க வேண்டும். எந்த மாதமானாலும் காலை 8 மணிக்கும் 10.30க்கும் இடைப்பட்ட நேரமே சிறந்தது. பனி உலர்ந்திருக்கும், கடற்காற்று இன்னும் ஏறியிருக்காது. மாலையில் மின்குமிழ் போட்டு அடித்தால் பூச்சிகள் வந்து ஒட்டும். இரவு குளிர்ந்த ரிம்மை விடிந்ததும் எடுத்து அடிக்காதீர்கள்; அதன் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும். கண்ணாடிக் குவளை ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அதில் ஈரம் படிந்தால் ரிம்மிலும் படிந்திருக்கிறது.

வாங்க வேண்டியவை

14 அல்லது 15 அங்குல ரிம் நான்குக்கு, ஸ்பிரே கன்னில் அடிப்பதானால், கலந்தபின் ஏறக்குறைய இந்த அளவுகள் போதும்: எபொக்சி பிரைமர் 400 மில்லிலீற்றர், 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இருபகுதி வகை) பில்லர் பிரைமர் (பள்ளம் நிரப்பும் அடிப்பூச்சு) 600, 2கே பளபளப்புக் கறுப்பு 700, குரோம் தோற்ற சில்வர் 250, 2கே கிளியர் 900. ஸ்பிரே டின்னில் அடிப்பவர்கள் 400 மில்லிலீற்றர் டின்களாகப் பிரைமர் 2, கறுப்பு 2, சில்வர் 1, ஹார்ட்னர் உள்ளே அடைத்த 2கே கிளியர் 2 என்று கணக்கிடலாம். இதோடு 320, 400, 600, 800, 2000 நம்பர் வோட்டர் பேப்பர், உலோகத்துக்கு 80, 180 நம்பர் பேப்பர், சாம்பல் நிறத் தேய்ப்புப் பஞ்சு, எண்ணெய் நீக்கித் திரவம், நூல் உதிராத துணி, மாஸ்க்கிங் டேப், பெயின்ட் வடிகட்டி, அளவுக் குவளை.

சில்வர் வாங்கும்போதுதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஹார்ட்வெயார் கடையில் “குரோம்” என்று விற்கும் சாதாரண ஸ்பிரே டின்னின் துகள்கள் மேலே மிதந்து நிற்கும் வகை. அடித்தவுடன் கண்ணாடி மாதிரி இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும், கிளியர் அடித்தால் ஒரு நிமிடத்தில் சாம்பலாகும். வாகனக் கலருக்குப் போடும் மெட்டாலிக் சில்வரும் சரிவராது, துகள் பெரிது. வாகனப் பெயின்ட் கலக்கும் கடையில் “ஹைப்பர் சில்வர்” அல்லது “குரோம் எஃபெக்ட்” என்று கேட்டு, மேலே 2கே கிளியர் அடிக்கலாமா என்பதை டின்னின் தாளில் பார்த்தே வாங்குங்கள்.

எனாமலும் என்சி (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட்டும் இந்த வேலைக்கு வேண்டாம். மலிவு என்று கறுப்பை எனாமலில் அடித்து மேலே 2கே கிளியர் போட்டால், கிளியரின் தின்னர் எனாமலைக் கடித்துப் படலம் சுருங்கி எழும்பும். முழுவதையும் சுரண்டி எடுப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

கன் எச்விஎல்பி வகை (குறைந்த அழுத்தத்தில் கூடுதல் காற்றுத் தருவது). பிரைமருக்கு 1.6 முதல் 1.8 மில்லிமீற்றர் முனை, கறுப்புக்கும் கிளியருக்கும் 1.3, சில்வருக்கு 0.8 முனையுள்ள சின்னக் கன். கொம்பிரசர் தொட்டியின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை ஒவ்வொரு நாளும் வடியுங்கள். இந்தக் கரையின் காற்றில் அரை நாளிலேயே சேர்ந்துவிடும். தண்ணீர் பிரிக்கும் வடியைக் கொம்பிரசருக்குப் பக்கத்தில் பூட்டாமல் கன் பக்கமாக, குழாயின் முடிவில் பூட்டுங்கள். சூடான காற்று குழாய்க்குள் ஆறிய பிறகுதான் ஈரம் பிரியும்.

2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். துணி மாஸ்க்கும் ஆசுபத்திரி மாஸ்க்கும் இதைத் தடுக்கா. திறந்த வெளியில், புதிய கரிக் குப்பி பூட்டிய ரெஸ்பிரேட்டர், கண்ணாடி, கையுறை, நீண்ட கைச் சட்டையோடு அடியுங்கள். மூடிய அறையில் அடிப்பதானால் வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடி வேண்டும். அது இல்லாவிட்டால் மூடிய அறையில் அடிக்கவே வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஹார்ட்னர் டின்னை ஊற்றிய கையோடு மூடுங்கள், காற்றின் ஈரம் பட்டால் அது உள்ளேயே கெட்டியாகிவிடும்.

கழற்றலும் கழுவலும்

வாகனம் நிலத்தில் நிற்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்கிவிட்டு ஜக் அடியுங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். எந்த ரிம் எந்தப் பக்கத்தது என்று உட்புறத்தில் எழுதி, டயரில் சுழலும் திசை அம்பு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். டயர் கடையில் கொடுத்து டயரை முழுதாகக் கழற்றுவதே சரி. அதற்கு வசதி இல்லையென்றால் காற்றை இறக்கி, டயர் விளிம்பை மட்டும் அமுக்கி இறக்கச் சொல்லி, பழைய கலியாண அழைப்பிதழ்க் காட்டுகளை ரிம்முக்கும் டயருக்கும் இடையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி சுற்றிவரச் செருகுங்கள். தடித்த வழுவழுப்புக் காட் டேப்பைவிடச் சுத்தமாக ஓரத்தைப் பிரிக்கும். பலன்சிங் ஈயக் கட்டிகளையும் அவற்றின் பசையையும் எடுத்துவிடுங்கள்.

கழுவலை மூன்று சுற்றாகச் செய்யுங்கள். முதலில் சவர்க்காரத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு சேறு, பிரேக் தூள் எல்லாவற்றையும் உள்ளும் புறமும் எடுக்க வேண்டும். பழுப்பாய்க் கெட்டிபட்ட பிரேக் தூளுக்கு இரும்புத்தூள் கரைக்கும் வீல் கிளீனர் போட்டு, ஊதா நிறமாக வடிந்ததும் கழுவுங்கள். இரண்டாவதாக, தார் இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுத்து, அந்த எண்ணெய்ப் பசை போகும்வரை திரும்பவும் சவர்க்காரம் போடுங்கள். டீசல் அடித்துக் கழுவிய ரிம்மென்றால் இதை இருமுறை செய்ய வேண்டும். மூன்றாவது, நல்ல தண்ணீரில் அலசல். கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்பை நீங்களே பூசியதாக முடியும். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ பாவித்து, காற்றால் ஊதி உலர்த்துங்கள். ரிம் ஒன்றுக்கு இரண்டு வாளி போதும்.

பேப்பர் பிடிப்பதற்கு முன்பே எண்ணெய் நீக்கித் திரவம் போட வேண்டும். பின்னால் போட்டால் டயர் மினுக்கியின் சிலிக்கனைப் பேப்பரே கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். ஒரு துணியால் நனைத்துத் துடைத்து, அது உலருமுன்பே வேறொரு சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள். தானாக உலர விட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே திரும்பப் படியும். தேய்ப்பு முடிந்தபின் இதே வேலை மீண்டும் ஒருமுறை.

உலோகம், புட்டி, பிரைமர்

நடைபாதைக் கல்லில் உரசிய ஓரங்களில் துருத்தி நிற்கும் பிசிறை அரத்தால் சீவி, 80, 180, 320 என்று இறங்குங்கள். அரிப்புள்ள இடத்தில் வெள்ளைத் தூளும் கறுத்த புள்ளிகளும் போய், உலோகம் வெளிச்சமாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் புதைந்து புது அரிப்புக்கு விதையாகும். பித்தளை அல்லது துருவேறாத எஃகுக் கம்பிதான் சரி. பெயின்ட் உறுதியாக உள்ள இடங்களை 400 நம்பரால் பளபளப்புப் போகும்வரை தேய்த்தால் போதும். பெயின்ட்டும் உலோகமும் சந்திக்கும் இடம் விரல் நகத்துக்குத் தடுபடாமல் சரிவாக இறங்க வேண்டும்.

நட் வந்து அமரும் இருக்கை, ஹப்பில் ஒட்டும் பின்முகம், டயர் விளிம்பு அமரும் தடம் ஆகிய மூன்று இடங்களிலும் பெயின்ட் படக்கூடாது. நட்டுக்கு அடியில் பெயின்ட் தடித்திருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி, நட் இளகும். பழைய நட்டுகளையோ காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான்களையோ துளைகளில் செருகி, பின்முகத்தை டேப்பால் மூடுங்கள்.

திறந்த அலுமினியத்தில் எபொக்சி பிரைமர் மெல்லிய ஒரு கோட். தேய்த்து முடித்த ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் அடித்துவிட வேண்டும். கடற்காற்றில் அலுமினியத்தை இரவு முழுக்கத் திறந்து வைக்கக் கூடாது. புட்டி தேவைப்பட்டால் எபொக்சி காய்ந்து தேய்த்த பிறகு அதன் மேல் வையுங்கள். ஆசிட் கலந்த வாஷ் பிரைமருக்கு மேல் புட்டி பிடிக்காது. 1 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாகப் புட்டி வைத்து விளிம்பை உருவாக்கப் பார்த்தால் டயர் மாற்றும் முதல் நாளிலேயே உடைந்து விழும்.

அதன்மேல் 2கே பில்லர் பிரைமர் இரண்டு கோட், இடையில் 10 முதல் 15 நிமிடம். மறுநாள் கறுப்பு ஸ்பிரேயை மிக மெல்லிதாகத் தூவிவிட்டு, தண்ணீரோடு 600, பிறகு 800. தூவிய கறுப்பு எங்கே மிஞ்சி நிற்கிறதோ அங்கே பள்ளம். பள்ளம் எல்லாம் போகும்வரை தேயுங்கள். ஸ்போக்கின் பக்கவாட்டிலும் மூலைகளிலும் பேப்பரை விரலில் சுற்றித்தான் தேய்க்க முடியும். நான்கு ரிம்முக்கும் இது ஒரு முழுநாள் வேலை, குறுக்கு வழி இல்லை.

கறுப்பு

கலவை விகிதம் டின்னில் உள்ளபடி. கண் மதிப்பில் கலக்காமல் அளவுக் குவளையில் கலந்து, வடிகட்டி ஊற்றுங்கள். கன்னில் 25 முதல் 29 பிஎஸ்ஐ, தூரம் 15 முதல் 20 சென்றிமீற்றர். ரிம்மைச் சுழலும் ஸ்டூல் ஒன்றில், பழைய அலுவலகக் கதிரையின் அடிப்பாகம் என்றாலும் சரி, படுக்க வைத்து அடித்தால் வழிவது குறையும். முதலில் துளைகளின் உட்சுவர், பிறகு ஸ்போக்கின் பக்கங்கள், கடைசியாக முகப்பு. இந்த ஒழுங்கு மாறினால் முகப்பின் ஈரப் படலத்தில் பக்கவாட்டு அடியின் உலர்ந்த தூசு விழும்.

முதல் கோட் மெல்லிது. 10 நிமிடம் கழித்து இரண்டாவது, நன்றாக நனைந்து தானே தட்டையாகும்படி. மூன்றாவது தேவைப்பட்டால் மட்டும். படலத்தில் தோடம்பழத் தோல் போலப் புள்ளி தெரிந்தால் சில்வர் அதை இரண்டு மடங்காகக் காட்டும், மூடாது. தூசு குந்திய இடங்களை, காய்ந்தபின் 2000 நம்பரால் தட்டி எடுக்கலாம். ஆனால் தேய்த்த இடம் மங்கும். சில்வருக்கு முன் அந்த ரிம்முக்கு இன்னொரு கறுப்புக் கோட் அடிக்க வேண்டும். மெழுகோ சிலிக்கனோ உள்ள பொலிஷ் போட்டு மினுக்கினால் மேலே எதுவும் பிடிக்காது.

கறுப்புக்கும் சில்வருக்கும் இடையில் விட வேண்டிய நேரம் மிக முக்கியம். கறுப்பு பிஞ்சாக இருக்கும்போது சில்வர் அடித்தால் அதன் தின்னர் கறுப்பைக் கடித்துப் பளபளப்பைக் கொல்லும். முற்றிய பிறகு அடித்தால் ஒட்டாது. டின்னின் தாளில் தேய்க்காமல் அடுத்த கோட் அடிக்கக்கூடிய கால எல்லை போட்டிருக்கும். இங்குள்ள 30 பாகை வெப்பத்தில் முதல் நாள் காலை கறுப்பு, மறுநாள் காலை சில்வர் என்பது பல பெயின்ட்டுகளுக்குப் பொருந்தும். எல்லை தாண்டிவிட்டால் 2000 நம்பரால் முழுதும் தேய்த்து ஒரு கறுப்புக் கோட் புதிதாக அடியுங்கள்.

சில்வர்

முதலில் ஒரு சாப்பாட்டுக் கரண்டியின் முதுகில் இதே கறுப்பை அடித்துக் காயவைத்து, அதில் சில்வரைப் பழகுங்கள். வளைவு உள்ளதால் ஸ்போக்கில் எப்படித் தெரியும் என்று அது சரியாகக் காட்டும். கிளியரையும் அதில் அடித்துப் பார்த்துவிட்டே ரிம்முக்குப் போங்கள்.

டின்னை நன்றாகக் குலுக்கி வடிகட்டுங்கள். பெரும்பாலும் தின்னர் சேர்க்கத் தேவையில்லை. காற்று 12 முதல் 18 பிஎஸ்ஐ, பெயின்ட் திருகு ஏறக்குறைய மூடிய நிலையில். கன்னை நிறுத்தாமல், ஒரே வேகத்தில், படலம் ஈரமாகாதபடி கடந்து போக வேண்டும். முதல் வீச்சுக்குப் பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். வெயிலுக்குச் சரித்துப் பார்த்தால் மட்டும் லேசான சாம்பல் மூட்டம் தெரியும். இரண்டாவதில் கறுப்பு, கரும் ஈய நிறமாகும். மூன்றாவதில் ஸ்போக்கின் விளிம்புகள் வெள்ளியாகத் துலங்கத் தொடங்கும். உள்ளங்கையை மேலே பிடித்தால் விரல்களின் வடிவம் இருளுக்குள் தெரியும். பெரும்பாலும் அங்கேதான் நிறுத்த வேண்டும். சந்தேகமென்றால் 5 நிமிடம் பொறுங்கள், உலரும்போது நிறம் இன்னும் கொஞ்சம் வெளுக்கும். ஐந்தாவது வீச்சைத் தாண்டினால் கறுப்புக் குரோம் போய்ச் சாதாரண சில்வர் வந்துவிடும்.

ஒரு ரிம்மை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நான்குக்கும் முதல் வீச்சு, பிறகு நான்குக்கும் இரண்டாவது என்று வரிசையாக அடித்து, எண்ணிக்கையை ஒரே மாதிரி வையுங்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிழலிலும் வெயிலிலும் பாருங்கள். சில்வர் படலத்தைக் கையால் தொட வேண்டாம், துணியால் துடைக்கவும் வேண்டாம். விரல் பட்ட அடையாளம் போகாது. முழு ரிம்மையும் கறுப்பிலிருந்து தொடங்க வேண்டிவரும். தூசு இருந்தால் மெல்லிய காற்றால் ஊதிவிடுங்கள், அவ்வளவுதான்.

கிளியர்

கிளியர் அடித்ததும் பளபளப்பின் கூர்மை கொஞ்சம் இறங்கும். எந்தக் கிளியரிலும் இது நடக்கும். கிளியர் இல்லாமல் விடலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. விட முடியாது, பிரேக் தூளும் உப்புக் காற்றும் அந்தத் திறந்த அலுமினியத் துகளைச் சில கிழமைகளில் மங்கவைக்கும்.

சில்வர் அடித்து 24 மணித்தியாலம் காயவிட்டு, முதல் கிளியர் கோட்டை மூடுபனி போல, நனையாத அளவில் மட்டும் தூவுங்கள். அது துகள்களை அந்தந்த இடத்தில் பிடித்து நிறுத்தும். முதல் கோட்டே ஈரமாக விழுந்தால் துகள்கள் மிதந்து திரும்பிச் சாம்பலாகும். அடிப்படைப் பிழை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. 15 நிமிடம் கழித்து நடுத்தரக் கோட், இன்னும் 10 முதல் 15 நிமிடம் கழித்து நனைந்த கோட்.

நிறம் இன்னும் இருள வேண்டுமென்றால் சில்வரைக் குறைக்கப் பார்க்காமல் கிளியரில் சாயம் சேருங்கள். 100 மில்லிலீற்றர் கிளியருக்குக் டோனர் என்ற கறுப்புச் சாயம் 2 முதல் 3 மில்லிலீற்றர், ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து. நான்கு ரிம்முக்கும் வேண்டிய கிளியர் முழுவதையும் ஹார்ட்னர் இல்லாமல் ஒரே பாத்திரத்தில் சாயத்தோடு கலந்து வைத்து, அடிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் வேண்டிய அளவை அதிலிருந்து எடுத்து ஹார்ட்னர் சேருங்கள். இந்த வெயிலில் ஹார்ட்னர் சேர்த்த கிளியர் ஒரு மணித்தியாலத்திலேயே தடிக்கத் தொடங்கும். தனித்தனியாகச் சாயம் கலந்தால் முன் ரிம் ஒரு நிறம், பின் ரிம் ஒரு நிறம். சாயக் கிளியரை நடுக் கோட்டில் மட்டும் அடித்து, கடைசிக் கோட்டை வெறும் கிளியராக விடுங்கள். அப்போதுதான் பின்னாளில் கீறலை மினுக்கினாலும் நிறம் மாறாது.

பூட்டுதல்

கை வைத்தால் காய்ந்ததுபோல் மறுநாளே இருக்கும். டயர் ஏற்றக் குறைந்தது 4 நாள், முடிந்தால் ஒரு கிழமை. அதற்குள் டயர் இயந்திரத்தின் பிடி பட்டால் ஓரம் நசுங்கும். டயர் கடையில் பிடிக்குப் பிளாஸ்ரிக் உறை போடச் சொல்லுங்கள், விளிம்புக்குச் சவர்க்காரக் கூழ் தாராளமாக. பலன்சிங் கட்டி உட்பக்கம் ஒட்டும் வகையாக இருக்கட்டும். வெளி விளிம்பில் அடித்துச் செருகும் ஈயம் முதல் நாளே படலத்தை வெட்டும்.

நட்டின் இருக்கை வடிவம் வாகனத்துக்கு வாகனம் வேறு. டொயோட்டாவின் சொந்த அலோய் ரிம்கள் பலவற்றில் தட்டை வோஷர் வகை, ஹொண்டாவில் உருண்டை இருக்கை. அழகுக்காகக் கறுப்பு நட் வாங்கும்போது இது மாறினால் சக்கரம் இளகும். மெல்லிய சுவருள்ள சொக்கெட்டுக்கு வெளியே டேப் சுற்றி, கையால் முடுக்கி, டோர்க் ரென்ச்சால் முடியுங்கள். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108, சுசுகியின் சிறிய கார்கள் பலவற்றுக்கு 85. உங்கள் வாகனக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. 100 கிலோமீற்றருக்குள் ஒருமுறை திரும்ப முடுக்கிப் பாருங்கள்.

பிழை வந்தால்

கறுப்பிலோ கிளியரிலோ சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழுந்தால் அது மீன்கண். சிலிக்கன் அல்லது கொம்பிரசர் எண்ணெய். மேலே இன்னும் அடித்து மூட முடியாது. காயவிட்டு, தேய்த்து, எண்ணெய் நீக்கியால் துடைத்துத் திரும்ப அடிக்க வேண்டும். டயர் மினுக்கி அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கன்னைத் திறக்காதிருப்பது முன்காப்பு.

வழிந்த இடத்தை ஈரத்தோடு தொடாதீர்கள். கறுப்பில் என்றால் காய்ந்தபின் 800ஆல் தட்டையாக்கித் திரும்ப அடிக்கலாம். கிளியரில் என்றால் ஒரு கிழமை கழித்து 2000ஆல் வழிந்த மேட்டை மட்டும் சீவி மினுக்கலாம். சாயக் கிளியரில் வழிந்தது என்றால் கறுத்த கோடு நிற்கும், அது போகாது.

ஓரிரு மாதத்தில் விளிம்பில் மட்டும் படலம் உரிந்தால், டயருக்குப் பக்கத்தில் தேய்ப்பும் துப்புரவும் சரியாகப் போகவில்லை. முகப்பின் நடுவில் தாளாக உரிந்து, அடியில் சில்வர் கறுப்போடு நின்றால் கிளியர் பிடிக்கவில்லை; சில்வர் தடித்துப் போயிருக்கிறது. துகள் அடர்ந்தால் கிளியருக்குக் கறுப்பைத் தொட வழியில்லை, துகள்களுக்கோ ஒன்றையொன்று பிடிக்கும் வலிமை இல்லை. மெல்லிய படலம் நிறத்துக்கு மட்டுமல்ல, ஆயுளுக்கும் வேண்டும்.

பராமரிப்பு

முதல் 30 நாளுக்கு மெழுகு வேண்டாம், தண்ணீரும் மென்மையான வாகன ஷாம்பூவும் போதும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு போட்டால் பிரேக் தூள் ஒட்டுவது குறையும். ஆசிட் கலந்த வீல் கிளீனரும், சேர்விஸ் ஸ்டேஷனில் சேறு கரைக்க அடிக்கும் காரத் திரவமும் இந்தப் படலத்தை மங்கவைக்கும். ரிம்மில் அடிக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். பாசிக்குடாவுக்கோ அறுகம்பேக்கோ போய்வந்த நாளில் இரவு நிறுத்துமுன் குழாயால் ரிம்மை நனைத்து அலசுங்கள். மணல் இருக்கும்போது துணியால் தேய்த்தால் வட்டக் கீறல் விழும். தண்ணீர் முதலில், துணி பிறகு.

கல் பட்டுத் தெறித்த புள்ளியை அன்றே மூட வேண்டும். சுத்தமாகத் துடைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியால் கறுப்பு ஒரு துளி, காய்ந்தபின் கிளியர் ஒரு துளி. சில்வரை அந்த இடத்துக்கு மட்டும் தொட்டுப் பொருத்த முடியாது. கறுப்புப் புள்ளி இந்த நிறத்தில் ஓரடி தள்ளி நின்றால் கண்ணுக்குப் படாது, அலுமினியமும் மூடியிருக்கும். உரசல் விரல் நீளத்துக்கு மேல் போனால் அந்த ஒரு ரிம்மை மட்டும் முகப்பு முழுவதும் 800ஆல் தேய்த்து, கறுப்பிலிருந்து திரும்ப அடிக்க வேண்டும். அதற்காகச் சில்வரில் 60 மில்லிலீற்றரையும் சாயம் கலந்த, ஹார்ட்னர் சேராத கிளியரில் 150 மில்லிலீற்றரையும் இறுக்கமாக மூடி, வெயில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். டின்னின் வெளியே எத்தனை வீச்சு அடித்தீர்கள், எந்த முனை, எத்தனை பிஎஸ்ஐ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.